டாட் இன் டொமைன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சிறு வியாபாரிகளுக்கும் சங்கங்களுக்கும் இணையதளம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. தளத்தைப் பற்றிப் பேச உட்கார்ந்தால் பாதி நேரம் டொமைன், அதாவது 'டாட் இன்' (.in) என்று முடியும் தள முகவரியைப் பற்றிய சந்தேகங்களிலேயே போய்விடும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அதனால் அவற்றை அவர்கள் கேட்ட மாதிரியே எழுதி, பதிலும் போட்டு வைத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முன்னால், சிக்கலானவை பின்னால்.

டாட் இன்னுன்னா இந்தியான்னு யார் முடிவு பண்ணாங்க?

நம் அரசாங்கமும் இல்லை, எந்தக் கம்பெனியும் இல்லை. நாடுகளுக்கு ஈரெழுத்துக் குறியீடு கொடுக்கும் ஐஎஸ்ஓ 3166 என்ற பன்னாட்டுப் பட்டியல் ஒன்று இருக்கிறது. அதில் இந்தியாவுக்கு 'ஐஎன்'. இணையத்தின் பெயர் அமைப்பு உருவான காலத்தில் அதைக் கவனித்துக்கொண்டிருந்த ஜான் போஸ்டல் அந்தப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொண்டார். எது நாடு, எது நாடில்லை என்று தீர்மானிப்பது எங்கள் வேலை இல்லை என்று 1994-இல் அவர் எழுதிய விதிமுறையிலேயே சொல்லியிருக்கிறார். கெட்டிக்காரத்தனம்தான், எல்லைத் தகராறு எதுவும் அவர் மேசைக்கு வராமல் போனது.

இந்தியாவுக்கு இந்த ஈரெழுத்து ஒதுக்கப்பட்டது 1989 மே 8 அன்று. அப்போது பொதுமக்களுக்கு இங்கே இணையமே கிடையாது.

இதை நடத்துறது யாரு? கவர்மெண்டா, தனியாரா?

நிக்ஸி என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்திய தேசிய இணைய இணைப்பகம். 2003-இல் தொடங்கப்பட்ட, லாப நோக்கமில்லாத கம்பெனி. மத்திய மின்னணு, தகவல் தொழில்நுட்ப அமைச்சகத்தின் கீழ் வருகிறது. இந்தியாவுக்குள் ஓடும் இணையப் போக்குவரத்து வெளிநாடு போய்ச் சுற்றி வராமல் உள்ளுக்குள்ளேயே கைமாற வேண்டும் என்பதற்காகத்தான் அதை ஆரம்பித்தார்கள். டொமைன் வேலை அதற்குப் பிறகு வந்து சேர்ந்தது.

வரிசையை ஒருமுறை மனதில் வாங்கிக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் கேள்விகளுக்கு விடை தானாகக் கிடைத்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலே ரூட் எனப்படும் மூலப் பட்டியல். டாட் இன் பற்றிய விவரம் எந்த சர்வர்களில் இருக்கிறது என்பதை மட்டும் அது சொல்லும். இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகான் அமைப்பு அதைப் பராமரிக்கிறது. அடுத்தது ரிஜிஸ்ட்ரி, அதாவது நிக்ஸி. டாட் இன்னில் முடியும் எல்லாப் பெயர்களின் பதிவேடும் அங்கே. அதற்குக் கீழே ரிஜிஸ்ட்ரார்கள்: நிக்ஸியின் அங்கீகாரம் பெற்று நம்மிடம் பணம் வாங்கிப் பெயரைப் பதிகிற கம்பெனிகள். கடைசியில் நீங்கள். பல சமயம் ரிஜிஸ்ட்ராருக்கும் உங்களுக்கும் நடுவில் இன்னொருவர் நிற்பார், தளம் போட்டுக் கொடுத்தவர். பெரும்பாலான வில்லங்கம் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. அவருக்கு ஒரு தனிக் கேள்வியே ஒதுக்கியிருக்கிறேன்.

1989-லயே இருந்துச்சுன்னா பழைய இந்தியக் கம்பெனிங்க எல்லாம் ஏன் டாட் காம்ல இருக்கு?

வாங்குவது அவ்வளவு கஷ்டமாக இருந்ததுதான் காரணம். தொடக்கத்தில் இந்தியாவின் இணையம் என்பது எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி வலையமைப்பு மட்டுமே. 1986-இல் ஐநா வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு தொடங்கியது. மெட்ராஸ் உட்பட ஐந்து ஐஐடிகள், பெங்களூர் இந்திய அறிவியல் கழகம், பம்பாயின் தேசிய மென்பொருள் தொழில்நுட்ப மையம், டெல்லியில் மின்னணுத் துறை என எட்டு இடங்கள். அந்த பம்பாய் மையம்தான் டாட் இன் பதிவேட்டையும் பார்த்துக்கொண்டது. பிற்பாடு அது சி-டாக் என்ற அரசுக் கணினி ஆய்வு நிறுவனத்தோடு இணைக்கப்பட்டது.

1995 ஆகஸ்ட் 15 அன்று, வெளிநாட்டுத் தொலைத்தொடர்பைக் கவனித்த அரசு நிறுவனமான விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இணையம் கொடுக்க ஆரம்பித்தது. சென்னை வாடிக்கையாளர்களுக்கு அன்று கிடைத்த மின்னஞ்சல் முகவரியின் வால்பகுதி 'ஜிஐஏஎஸ்எம்டி01.விஎஸ்என்எல்.நெட்.இன்'. முதல் நான்கு எழுத்து அந்தச் சேவையின் சுருக்கம், எம்டி என்றால் மெட்ராஸ். விசிட்டிங் கார்டில் இதை ஒரே வரியில் அச்சடிக்க முடியாமல் அச்சகத்தார் இரண்டாக மடித்துப் போடுவார்கள். டாட் இன்னை நிறையப் பேர் முதன்முதலில் பார்த்தது அப்படித்தான்.

சொந்தமாகப் பெயர் வேண்டும் என்றால் கம்பெனிப் பதிவு அல்லது வணிகச் சின்னத்துக்கான காகிதங்களைக் காட்ட வேண்டும். அதுவும் நேரடியாக டாட் இன் கிடைக்காது, கோ.இன் போன்ற உட்பிரிவில்தான் தருவார்கள். டாட் காமோ, கிரெடிட் கார்டு இருந்தால் சில நிமிட வேலை. எல்லோரும் அந்தப் பக்கம் போனதில் ஆச்சரியமில்லை. 1992 முதல் 2004 வரை பதிவான டாட் இன் பெயர்கள் ஏறத்தாழ 7,000 மட்டுமே. இவ்வளவு பெரிய நாட்டுக்கு இது வெட்கப்பட வேண்டிய எண்ணிக்கை என்பது என் அபிப்பிராயம்.

2004 கடைசியில் கொள்கை மாறியது. பொறுப்பு நிக்ஸிக்கு வந்தது. 2005 ஜனவரி 1 முதல் 21 வரை வணிகச் சின்னம் வைத்திருந்தவர்களுக்கு முன்னுரிமை கொடுத்தார்கள். பிப்ரவரி 16 முதல் யார் வேண்டுமானாலும் வாங்கலாம் என்று திறந்துவிட்டார்கள். 2011-இல் எண்ணிக்கை 10 லட்சத்தைத் தாண்டியது. முன்பு ஆள் வராததற்குக் காரணம் ஆர்வமின்மை அல்ல, பூட்டிய கதவு என்பது அப்போதுதான் தெரிந்தது.

கோ.இன் நல்லதா, வெறும் டாட் இன் நல்லதா?

தொழில்நுட்பத்தில் எந்த வித்தியாசமும் இல்லை. 2005-க்கு முந்தைய பழக்கத்தால் கோ.இன் இன்னும் கம்பெனி முகவரி மாதிரி தோன்றுகிறது, அவ்வளவுதான். நெட்.இன், ஓஆர்ஜி.இன், ஃபர்ம்.இன், ஜென்.இன், இண்ட்.இன் எல்லாமே எவரும் வாங்கக்கூடியவை. அண்மைக் காலத்தில் ஏஐ.இன், 5ஜி.இன், டெல்லி.இன், குஜராத்.இன் என்று புதுப் பிரிவுகளையும் திறந்திருக்கிறார்கள். கிடைத்தால் வெறும் டாட் இன் வாங்குங்கள். போனில் சொல்லும்போது குழப்பம் இருக்காது.

கவ்.இன், ஏசி.இன் நான் வாங்க முடியுமா? பணம் எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை.

முடியாது. கவ்.இன் அரசு அமைப்புகளுக்கு மட்டும், தேசிய தகவலியல் மையம் வழியாகத்தான் கிடைக்கும். ஏசி.இன், எடு.இன், ரெஸ்.இன் மூன்றும் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு, எர்நெட் வழியாக. மில்.இன் ராணுவத்துக்கு. என்ஐசி.இன் என்று முடியும் பழைய அரசுத் தளங்கள் சில இன்னும் இருக்கலாம், புதியவை கவ்.இன்னுக்குப் போய்விட்டன.

பணம் வாங்கிக்கொண்டு கவ்.இன் எடுத்துத் தருகிறேன் என்று யாராவது வந்தால், உங்கள் நேரத்தைக்கூடக் கொடுக்காதீர்கள்.

பேங்க் வெப்சைட் அட்ரஸ் மாறியிருக்கு. இது நிஜமா, திருட்டு சைட்டா?

நிஜமாக இருக்க வாய்ப்பு அதிகம், ஆனால் பார்க்க வேண்டிய விதத்தில் பாருங்கள். போலி வங்கித் தளங்கள் பெருகியதால் ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் பேங்க்.இன் என்ற தனிப்பிரிவை அறிவித்தது. வங்கிகள் எல்லாம் 2025 அக்டோபர் 31-க்குள் அங்கே மாற வேண்டும் என்று உத்தரவும் போட்டது. இந்தப் பிரிவில் பெயர் கொடுக்கும் உரிமை ஹைதராபாத்தில் உள்ள, ரிசர்வ் வங்கி நிறுவிய ஐடிஆர்பிடி என்ற நிறுவனத்துக்கு மட்டுமே. வங்கியல்லாத நிதி நிறுவனங்களுக்காக ஃபின்.இன் என்ற பிரிவும் அறிவிக்கப்பட்டிருக்கிறது.

முகவரியை எப்போதும் வலப்பக்கமிருந்து படியுங்கள். 'முத்து.பேங்க்.இன்' என்று ஒரு கற்பனை வங்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடைசியில் இன், அதற்கு முன் ஒரு புள்ளி, பேங்க், மறுபடியும் ஒரு புள்ளி, பிறகு வங்கியின் பெயர். இது சரி. 'முத்து-பேங்க்.இன்' என்றால் நடுவில் இருப்பது புள்ளி இல்லை, சிறு கோடு. அதை யார் வேண்டுமானாலும் சில நூறு ரூபாயில் வாங்கியிருக்கலாம். 'முத்து.பேங்க்.இன்.லாகின்.காம்' இன்னும் மோசம். கண் 'பேங்க்.இன்' வரை படித்துவிட்டு நின்றுவிடும், ஆனால் உண்மையான முகவரி கடைசியில் இருக்கும் 'லாகின்.காம்'. தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதற்கு அடுத்து வரும் முதல் சாய்கோட்டுக்கு முன்னால் கடைசியாக என்ன இருக்கிறது என்பதே கணக்கு. அந்தச் சாய்கோட்டுக்குப் பின்னால் அவர்கள் எதை எழுதினாலும் அதற்கு மதிப்பில்லை.

அப்புறம், பூட்டுச் சின்னம் தெரிகிறதே என்று நம்ப வேண்டாம். நடுவில் யாரும் ஒட்டுக்கேட்க முடியாது என்பதற்குத்தான் அது அடையாளம். எதிரில் இருப்பவர் யோக்கியர் என்பதற்கு இல்லை.

வெளிநாட்டுல இருக்கிறவங்க டாட் இன் வாங்கலாமா?

வாங்கலாம். 2005-க்குப் பிறகு இந்தியராக இருக்க வேண்டும், இந்தியாவில் அலுவலகம் வேண்டும் என்ற நிபந்தனை எதுவும் இல்லை. தளத்தின் சர்வரும் எந்த நாட்டிலும் இருக்கலாம். ஆகவே டாட் இன் என்று முடிவதாலேயே அது இந்தியக் கம்பெனி என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

ஒரு தடவை காசு கட்டிட்டா பேர் நமக்கே சொந்தம்தானே?

இல்லை. இதைத்தான் அதிகம் பேர் தவறாக நினைக்கிறார்கள். டொமைனை வாங்குகிறோம் என்று பேச்சுவழக்கில் சொன்னாலும் நடப்பது வாடகைக்கு எடுப்பது. ஒரு வருடத்துக்கும் எடுக்கலாம், அதிகபட்சம் ஒரே தடவையில் 10 வருடத்துக்கும் எடுக்கலாம். கெடு முடிவதற்குள் புதுப்பித்துக்கொண்டே இருந்தால் யாரும் உங்களைக் கிளப்ப முடியாது.

புதுப்பிக்க மறந்தால் முதலில் தளமும் மின்னஞ்சலும் நிற்கும். சில நாள் சலுகைக் காலம் இருக்கும். எத்தனை நாள் என்பது ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்தது. அதையும் விட்டால் மீட்புக் காலம் என்று பொதுவாக 30 நாள். அப்போது மீட்க வழக்கமான கட்டணத்தைப் போலப் பல மடங்கு கேட்பார்கள். அதற்கும் பிறகு பெயர் பொதுவுக்கு வந்துவிடும். அப்படி விழும் பெயர்களைப் பிடிப்பதற்கென்றே ஆட்கள் புரோகிராம் எழுதி வைத்துக் காத்திருக்கிறார்கள். முதல் வருடத்துக்குக் கொசுறு மாதிரி மலிவு விலை போட்டிருந்தால் இரண்டாம் வருட விலையையும் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

வெப்சைட் போட்டுக் கொடுத்த பையன் போனை எடுக்க மாட்டேங்கிறான். பேரை எப்படித் திரும்ப வாங்குறது?

என்னிடம் வரும் கேள்விகளில் மிகவும் வருத்தம் தருவது இதுதான். முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: பதிவேட்டில் உரிமையாளர் என்று யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் யார் பாக்கெட்டிலிருந்து போனது என்பது பதிவேட்டுக்குத் தெரியாது.

உங்கள் பெயரும் உங்கள் மின்னஞ்சலும் உரிமையாளர் இடத்தில் இருந்தால் கவலை வேண்டாம். ரிஜிஸ்ட்ரார் யார் என்று, டொமைன் பதிவு விவரத்தைக் காட்டும் ஹூயிஸ் தேடலில் பாருங்கள், அவர்களுக்கு நேரடியாக எழுதுங்கள், அடையாளச் சான்று கொடுங்கள். கணக்கு கைக்கு வந்ததும் வேறு ரிஜிஸ்ட்ராருக்கு மாற்ற நினைத்தால் 'ஆத் கோடு' என்ற ரகசியக் குறியீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். உரிமையாளர் கேட்டால் அதைக் கொடுத்தாக வேண்டியது ரிஜிஸ்ட்ராரின் கடமை. பெயர் புதிதாகப் பதிந்திருந்தாலோ அண்மையில் கைமாறியிருந்தாலோ 60 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். அது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு, திட்ட வேண்டாம்.

தளம் போட்ட அந்தப் பையன் தன் பெயரிலேயே பதிந்து வைத்திருந்தால் பாடு அதிகம். பில், வாட்ஸ்அப் செய்தி, பணம் அனுப்பிய சான்று எல்லாவற்றையும் திரட்டி முதலில் அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பாதிப் பேர் அதிலேயே கொடுத்துவிடுவார்கள். பலர் ஏமாற்றுவதற்காக அப்படிப் பதிவதில்லை, படிவத்தை நிரப்பும்போது கை பழகிப்போய்த் தன் விவரத்தைப் போட்டுவிடுகிறார்கள். கொடுக்க மறுத்தால் வழி, இன்னும் இரண்டு கேள்வி தள்ளி வரும் தகராறு நடைமுறையோ நீதிமன்றமோதான்.

தளமே இன்னும் போடாதவர்களுக்கு: டொமைனை மட்டும் உங்கள் கையால், உங்கள் மின்னஞ்சலில், உங்கள் போன் நம்பரில் வாங்குங்கள். அந்த மின்னஞ்சல் அதே டொமைனில் இருக்கக் கூடாது. டொமைன் நின்றுபோனால் அதை மீட்பதற்கான கடிதமும் உங்களுக்கு வந்து சேராது. தளம் அமைப்பவருக்கு நேம்சர்வர், அதாவது பெயர் எந்த சர்வரைக் காட்ட வேண்டும் என்பதை வைத்திருக்கும் இடம், அதை மாற்றும் அனுமதி மட்டும் போதும். இதைக் கேட்டு முகம் சுளிக்கிறவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள். நானும் இந்தத் தொழிலில் இருப்பவன்தான், சேர்த்தே சொல்கிறேன்.

என் பேரும் போன் நம்பரும் வெளியில தெரியாம வைக்கலாமா?

டாட் காமில் உரிமையாளரை மறைக்கப் பினாமி சேவை விற்பார்கள். டாட் இன்னில் நிக்ஸியின் விதி அதை அனுமதிப்பதில்லை, உண்மையான விவரம்தான் கொடுக்க வேண்டும். அதற்காகப் பயப்பட வேண்டாம். பொதுவில் தேடுகிறவர்களுக்கு இப்போது தனிநபரின் பெயர், போன் விவரங்களைப் பெரும்பாலும் மறைத்தே காட்டுகிறார்கள். விவரத்தைச் சரிபார்க்கச் சொல்லிக் கடிதம் வந்து, நீங்கள் பதில் போடாமல் விட்டால் பெயரை முடக்கவும் அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அந்தக் கடிதம் மாதிரியே போலிக் கடிதங்களும் வருகின்றன. அதில் உள்ள இணைப்பை அழுத்தாமல் நேராக ரிஜிஸ்ட்ரார் தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

எங்க கடைப் பேர்ல வேற ஒருத்தர் டாட் இன் எடுத்து வெச்சுக்கிட்டு லட்சக்கணக்கில கேக்குறார். என்ன பண்றது?

இதற்கென்றே 2005-இலிருந்து ஐஎன்டிஆர்பி என்ற தகராறு தீர்க்கும் நடைமுறை இருக்கிறது. நிக்ஸியிடம் கட்டணம் கட்டிப் புகார் கொடுத்தால் நடுவர் ஒருவரை நியமிப்பார்கள். நீங்கள் மூன்றைக் காட்ட வேண்டும்: அந்தப் பெயர் உங்கள் வணிகப் பெயரோடு ஒன்றாகவோ குழப்பும் அளவுக்கு நெருக்கமாகவோ இருக்கிறது; எதிராளிக்கு அதில் நியாயமான உரிமை இல்லை; தீய நோக்கில் பதிந்தார் அல்லது தீய நோக்கில் பயன்படுத்துகிறார். டாட் காமுக்கான பன்னாட்டு நடைமுறையில் பதிந்ததும் தீய நோக்கு, பயன்படுத்துவதும் தீய நோக்கு என்று இரண்டையும் நிரூபிக்க வேண்டும். இங்கே ஒன்று போதும். இந்த ஒரு சொல் வித்தியாசத்தில் எத்தனையோ பேர் பிழைத்திருக்கிறார்கள்.

ஜெயித்தால் பெயர் உங்களுக்கு மாற்றப்படும் அல்லது ரத்தாகும். நஷ்ட ஈடு வேண்டும் என்றால் நீதிமன்றம் போக வேண்டும். அங்கேயும் உங்களுக்குப் பிடி இருக்கிறது. சென்னையைச் சேர்ந்த சத்யம் இன்ஃபோவே கம்பெனி தன் 'சிஃபி' பெயரைப் போல வேறொருவர் டொமைன் வைத்திருந்ததை எதிர்த்துப் போட்ட வழக்கில், 2004-இல் உச்ச நீதிமன்றம் டொமைன் பெயருக்கும் வணிகச் சின்னத்துக்குரிய பாதுகாப்பு உண்டு என்று தீர்ப்பளித்தது.

ஒரு எச்சரிக்கை. கடைப் பெயர் 'லட்சுமி ஸ்டோர்ஸ்' மாதிரி ஊருக்கு நாலு இருக்கும் பெயரானால், இன்னொரு லட்சுமி ஸ்டோர்ஸ்காரர் முந்திக்கொண்டது தீய நோக்கு ஆகாது. வேறு பெயர் பாருங்கள்.

அட்ரஸைத் தமிழ்லயே வைக்கலாம்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜம். '.இந்தியா' என்று தமிழிலேயே முடியும் முகவரி இருக்கிறது. இந்தி, வங்காளம், தெலுங்கு, குஜராத்தி, பஞ்சாபி, உருது, தமிழ் என ஏழு எழுத்து வடிவங்கள் முதலில் அனுமதி பெற்றன. பிறகு மலையாளம், கன்னடம், ஒடியா முதலியவையும் சேர்ந்து, இப்போது 15 வடிவங்கள் 22 மொழிகளுக்குப் பயன்படுகின்றன. தமிழுக்கு இன்னொரு சிறப்பும் உண்டு: '.இலங்கை', '.சிங்கப்பூர்' இரண்டும் இருக்கின்றன. மூன்று நாடுகளின் முகவரி தமிழில் எழுதப்படுகிறது.

உள்ளுக்குள் கணினி இதை ஆங்கில எழுத்தும் எண்ணும் கலந்த ஒரு சரமாக மாற்றித்தான் புரிந்துகொள்ளும். சில மென்பொருளில் அந்தச் சரமே வெளியில் தெரியும், பார்ப்பவர் மிரண்டுவிடுவார். தமிழ் எழுத்திலேயே மின்னஞ்சல் முகவரி வைத்தால் பல படிவங்கள் 'தவறான முகவரி' என்று தள்ளிவிடுகின்றன. எழுத்துக் குழப்பம் வேறு: தமிழ் எண் '௧', 'க' என்ற எழுத்தைப் போலவே இருக்கும், 'ஔ' ஓர் எழுத்தா, 'ஒ'வும் 'ள'வும் சேர்த்து அடித்ததா என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. இப்போதைக்கு என் ஆலோசனை, தமிழ்ப் பெயரையும் எடுத்து வையுங்கள், அதை உங்கள் டாட் இன் தளத்துக்குத் திருப்பி விடுங்கள். மின்னஞ்சலுக்கு டாட் இன்னே இருக்கட்டும்.

டாட் இன்னை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனிக்குக் கொடுத்துட்டாங்களாமே?

பதிவேட்டின் தொழில்நுட்ப வேலையை மட்டும் டெண்டர் விட்டுக் கொடுக்கிறார்கள். 2005 முதல் அஃபிலியாஸ், 2019-இல் நியூஸ்டார், அந்தப் பிரிவை கோடாடி வாங்கியதால் 2020 முதல் கோடாடி ரிஜிஸ்ட்ரி, 2025-இல் டூகௌஸ். கொள்கையும் அதிகாரமும் நிக்ஸியிடமே. இத்தனை தடவை கை மாறியும் உங்கள் தளம் ஓடிக்கொண்டுதானே இருந்தது. உங்கள் ரிஜிஸ்ட்ரார் யாரோ, அவரிடம் உள்ள உங்கள் கணக்கின் கடவுச்சொல்லைப் பத்திரமாக வைத்திருப்பதில் கவலைப்படுங்கள்.

நாட்டுப் பேரை பாரத்னு மட்டும் வெச்சுட்டா டாட் இன் போயிடுமா?

2023 செப்டம்பரில் இந்தப் பேச்சு எழுந்தபோது எனக்கு வந்த போன்கள் கொஞ்சநஞ்சமல்ல. பெயர் மாறினாலே போய்விடாது. முதல் பதிலில் சொன்ன ஐஎஸ்ஓ பட்டியலில் குறியீடு மாற வேண்டும், அதற்கு நாடு கேட்க வேண்டும். அப்படியே மாறினாலும் பழையதை ஒரே நாளில் மூடுவதில்லை. ஜைர் நாடு காங்கோ ஆனபோது அதன் பழைய டாட் இசட்ஆர் 2001-இல் நீக்கப்பட்டது. யூகோஸ்லாவியாவின் டாட் ஒய்யு, நாடு உடைந்து, மிச்சமும் பெயர் மாறி, கடைசியில் 2010 மார்ச் வரை இழுத்தது. சோவியத் யூனியனே இல்லாமல் போயும் அதன் டாட் எஸ்யு இன்னும் உயிரோடு இருக்கிறது. பிரிட்டன் ஐஎஸ்ஓ பட்டியலில் 'ஜிபி', இணையத்தில் 'யுகே', விதிவிலக்குகளும் உண்டு.

அமெரிக்கா கோபப்பட்டா டாட் இன்னையே நிறுத்திட முடியுமா?

இதைக் கேட்பவர்கள் மூலப் பட்டியலை ஐகான் பராமரிக்கிறது, ஐகான் கலிபோர்னியாவில் பதிவானது என்பதைத் தெரிந்துகொண்டு கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஒருமுறை இதை நீதிமன்றத்திலேயே முயன்று பார்த்தார்கள். ஈரான் அரசுக்கு எதிராக நஷ்ட ஈட்டுத் தீர்ப்பு பெற்றிருந்த அமெரிக்கர்கள், பணம் வராததால், ஈரானின் டாட் ஐஆர்-ஐ எங்களிடம் ஒப்படையுங்கள் என்று ஐகானிடம் கேட்டார்கள். 2014-இல் கீழ் நீதிமன்றம் மறுத்தது. 2016 ஆகஸ்டில் மேல் நீதிமன்றமும் மறுத்தது. அந்தப் பெயரின் கீழ் இருக்கும் சம்பந்தமில்லாத மூன்றாம் தரப்பினர் பாதிக்கப்படுவார்கள் என்பது அது சொன்ன காரணம்.

அதே ஆண்டு அக்டோபர் 1 அன்று, ஐகான் மீது ஒப்பந்தத்தின் வழியாக அமெரிக்க வணிகத் துறைக்கு இருந்த மேற்பார்வையும் முடிந்தது. ஐகான் இன்னும் அமெரிக்கச் சட்டத்துக்கு உட்பட்ட அமைப்புதான், அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரு நாட்டின் முகவரியைப் பிடுங்கினால் மற்ற நாடுகளெல்லாம் அந்த மூலப் பட்டியலை நம்புவதை விட்டுவிடும் என்பது அவர்களுக்கும் தெரியும். உங்கள் டாட் இன் நின்றுபோக அமெரிக்கா தேவையில்லை, புதுப்பிக்கும் தேதியில் காலாவதியான கார்டு ஒன்றே போதும்.